பூச்சைக்கு அப்படி என்ன செலவு?

பசு வாங்குகிறவர் பத்து பேரிடம் விலை விசாரிப்பார். நாய் வாங்குகிறவர்கூட அரிசி, இறைச்சி, ஊசி என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவார். பூனைக்கு மட்டும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அதுவாக வரும், மீன் தலையைத் தின்னும், அடுப்படியில் சுருண்டு படுக்கும். "பூச்சைக்கு அப்படி என்ன செலவு?" என்பதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சு.

எங்கள் பக்கம் என்றால் பாறசாலை, நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கோடு போட்டபோது விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. நாங்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட தமிழர்கள். பூனையைப் பூச்சை என்போம். மலையாளம் கலந்துவிட்டது என்று சிரிக்கும் சென்னை நண்பர்களுக்கு: பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனையைத் தன் அவையடக்கத்தில் கம்பர் 'பூசை' என்றுதான் சொல்கிறார். நாங்கள் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறோம், அவ்வளவுதான் :-)

கொசுவத்தி கொளுத்தாமல் விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் தங்கச்சி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் பூனை கேட்டு அடம். யாரோ வாட்ஸப் குழுவில் பஞ்சு மாதிரி ஒரு பாரசீகக் குட்டியின் படத்தைப் போட்டு, 8,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறார்கள். "அண்ணே, வாங்கலாமா? கட்டுப்படியாகுமா?" என்று கேட்டாள். ஆணி குறைவாக இருந்த ஒரு நாளில் எக்ஸலைத் திறந்து கணக்குப் போட்டேன். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "மக்களே, பூச்சைக்குக் கணக்குப் புஸ்தகம் போட்ட மொத ஆளு நீதான்."

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுத்தர வருமானம் உள்ள ஒரு குடும்பத்துக்குப் பூனை கட்டுப்படியாகும். ஆனால் நாம் நினைக்கிற விலைக்கு அல்ல. 'பூனை சும்மா வளரும்' என்று இத்தனை நாள் சொல்லிவந்ததற்குக் காரணம், அந்தச் செலவை நமக்குப் பதில் வேறு யாரோ சுமந்ததுதான்.

யார் சுமந்தார்கள்?

முதலாவது, குட்டிகள். பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைக்குத் தயார். சுமார் 65 நாளில் குட்டி போடும். ஓர் ஈற்றுக்கு நாலு, வருஷத்துக்கு இரண்டு ஈற்று என்று வைத்தாலும் எட்டு. இந்த எட்டையும் எந்த வீடும் வளர்த்ததில்லை. கண் திறந்து கொஞ்ச நாளில் சாக்கில் போட்டுக் கட்டி, சைக்கிளில் வைத்து, களியக்காவிளை மீன் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருவது எங்கள் ஊரில் சாதாரணமாக நடந்த காரியம். அங்கே மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்பது நியாயம். அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் கொண்டு வந்து விட்டதும் உண்டு. கேரளத்துப் பூனை தமிழ்நாட்டுப் பொறுப்பு, தமிழ்நாட்டுப் பூனை கேரளத்துப் பொறுப்பு! அதில் எத்தனை லாரிச் சக்கரத்தில் போனது, எத்தனை பட்டினியில் போனது என்று யாரும் எண்ணவில்லை. நம் வீட்டுக் கணக்கில் செலவு பூஜ்யம்.

இரண்டாவது, கடிபட்டவர்கள். கேரளத்தில் தெருநாய்ப் பிரச்சினை பற்றி எல்லாருக்கும் தெரியும். பூனைக் கணக்கு பலருக்குத் தெரியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது மாநில சுகாதாரத் துறை கொடுத்த விவரம் 2021-இல் செய்திகளில் வந்தது. 2020-ஆம் ஆண்டில் நாய்க் கடிக்குச் சிகிச்சைக்கு வந்தவர்கள் சுமார் 1,60,000 பேர். பூனைக் கடிக்கு வந்தவர்கள் 2,16,000 பேருக்கும் மேல். 2021 ஜனவரி மாதம் மட்டும் பூனைக் கடி 28,000-ஐத் தாண்டியது. பூனை நாயைவிட ஆபத்தானது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வீட்டுக்குள் மடியில் வைத்துக் கொஞ்சுகிற பிராணி, ஆனால் ஊசி போடப்படாத பிராணி என்று அர்த்தம்.

வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு அநேகமாகப் பிழைப்பே இல்லை. அதனால் பூனை பிறாண்டி ரத்தம் வந்தாலும் ஊசிக்குப் போகத்தான் வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். ஆனால் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நாலு தடவை போக வேண்டும். ரப்பர் பால் வெட்டுக்கோ தொழிலுறுதி வேலைக்கோ போகும் ஒரு தாய்க்கு அது நாலு நாள் கூலி. பிள்ளைக்கு நாலு நாள் பள்ளிக்கூடம். சில பிள்ளைகள் அடி விழும் என்று பயந்து கடித்ததையே மறைத்துவிடும். இந்தச் செலவையும் நாம் பூனைக் கணக்கில் எழுதுவதில்லை.

சட்டமும் பூனையைக் கண்டுகொள்ளவில்லை. கேரளப் பஞ்சாயத்துகளில் வளர்ப்புப் பிராணி உரிமத்துக்கு 1998-இல் வந்த விதிகளின் பெயரே பன்றி, நாய் உரிம விதிகள். நாய்க்கு உரிமம் வாங்கப் போனால் ஊசிச் சான்று கேட்பார்கள். பூனைக்குக் கேட்க ஆள் இல்லை. நாமாகப் போட்டால்தான் உண்டு.

சரி, எல்லாச் செலவையும் நாமே சுமப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். கீழே உள்ள தொகைகள் தனியார் கிளினிக், கடை என்று விசாரித்து நான் போட்ட உத்தேசக் கணக்கு. இடத்துக்கு இடம் கூடும், குறையும்.

1. குட்டி. நாட்டுப் பூனை என்றால் இலவசம். பாரசீகம் வேண்டாம் என்பது என் கட்சி. 8,000 ரூபாய்க்காகச் சொல்லவில்லை. நீள முடியை அடிக்கடி சீவ வேண்டும், நம் ஊர் ஈரத்திலும் புழுக்கத்திலும் தோல் தொந்தரவு வரும், சப்பை மூக்குக்கு மூச்சுத் தொந்தரவு, கண்ணில் நீர் வடியும். போதாக்குறைக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் அந்த இனத்தில் அதிகம். நாட்டுப் பூனைக்கு இந்த வம்பெல்லாம் குறைவு.

2. ஊசி. வெறிநோய்க்கு ஒன்று, மூன்று மாத வயதை ஒட்டி; பிறகு டாக்டர் சொல்கிறபடி ஆண்டுதோறும். குட்டிகளைக் கொத்தாகக் கொல்கிற பான்லூக்கோபீனியா முதலான நோய்களுக்கு இன்னொன்று, குறைந்தது இரண்டு தவணை. எல்லாம் சேர்த்து முதல் வருஷம் சுமார் 2,000. குடற்புழு மருந்து 300.

3. கருத்தடை. பெண் பூனைக்கு 4,000 அளவில் ஆகும், ஆணுக்குக் குறையும். நம் ஆட்கள் யோசிக்காமல் வெட்டிவிடுகிற வரி இதுதான். 4,000 மிச்சம் என்று நினைத்தால் வருஷத்துக்கு எட்டுக் குட்டி. கண்டனாக இருந்தால் சண்டை போட்டுக் காயத்தோடு வரும், வீடெல்லாம் மூத்திரம் பீய்ச்சும். ஆக, ஆணோ பெண்ணோ, இந்தச் செலவைத் தவிர்க்கக் கூடாது.

4. கூடை, தட்டு, மணல் தட்டு என்று சாமான் 1,000.

5. சாப்பாடு. "நாம திங்கதுதான் அதுக்கும்" என்பது பாதி உண்மை. பூனை அடிப்படையில் மாமிசம் தின்னும் பிராணி. அதன் கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய டாரின் என்ற சத்து மீனிலும் இறைச்சியிலும் உண்டு, சோற்றில் கிடையாது. வெறும் சோறும் மோரும் ஊற்றி வளர்த்தால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதிதான் போகும். உள்ளியும் பூண்டும் அதன் ரத்தத்தைக் கெடுக்கும் என்பதால் மீன்குழம்பில் கிடந்த துண்டைப் போடக் கூடாது. சாளை, நெத்தோலி போன்றவற்றைப் பச்சையாகவே தினமும் போட்டால் பி1 சத்து குறைந்துபோகும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுப்பது நல்லது.

பாதி மீன், பாதி கடைத் தீவனம் என்று வைத்தேன். தீவனம் மாதம் ஒரு கிலோ 400 ரூபாய், மீன் இரண்டு கிலோ 400 ரூபாய். மாதம் 800, வருஷம் 9,600. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. குமரி மேற்குக் கடற்கரையிலும் ஜூன், ஜூலை தடைக்காலம்தான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மீன் குறைந்துவிடும். 2024 ஜூனில் கேரளச் சந்தைகள் சிலவற்றில் சாளை கிலோ 300 ரூபாய்க்கு மேல் போனது. மனுஷனே கருவாட்டுக்கு மாறுகிற நேரத்தில் பூனைக்குச் சாளை எங்கே? ஆகவே அந்த இரண்டு மாதத்துக்குத் தீவனத்துக்குக் கூடுதலாக எடுத்துவைக்க வேண்டும்.

6. மணல். வீட்டைச் சுற்றிப் பறம்பு உள்ளவர்களுக்கு இது பெரிதில்லை. மரம் அறுக்கும் மில்லில் தூள் கிடைக்கும். தினமும் அள்ளிப் புதைத்துவிட வேண்டும். பூனை மலத்தில் வரும் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி பரவும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால், அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் பயம் குறைவு. கர்ப்பமான பெண்கள் மட்டும் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

கூட்டிப் பாருங்கள். முதல் வருஷம் சுமார் 17,000. அடுத்தடுத்த வருஷங்களில் தீவனம், ஊசி, புழு மருந்து சேர்த்து 11,000 முதல் 12,000. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். நல்லபடி வளர்த்தால் பூனை 15 வருஷம் இருக்கும். இன்றைய விலையிலேயே மொத்தம் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஓசியில் கிடைத்த குட்டியின் விலை இது!

இதற்கு மேல் 5,000 ரூபாயாவது தனியாக இருக்க வேண்டும். ஆண் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அப்போது கடன் கேட்டு அலைய நேரம் இருக்காது. ஒரு முக்கியமான விஷயம்: பூனைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம். பஞ்சாயத்துக் கால்நடை மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது, கொண்டு போய்க் காட்டுங்கள்.

சைவக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், கொச்சியைச் சேர்ந்த ஒருவர் தன் மூன்று பூனைகளுக்குத் தீவனம் வாங்க வெளியே போக அனுமதி கேட்டார். போலீஸ் பாஸ் கிடைக்கவில்லை. அவர் சைவம், வீட்டில் மீனோ இறைச்சியோ சமைப்பதில்லை, பூனைகளுக்கு அந்தத் தீவனத்தை விட்டால் வேறு வழியில்லை. கேரள உயர் நீதிமன்றம் போனார். இரண்டு நீதிபதிகள் அமர்ந்து, 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தையெல்லாம் எடுத்துப் பார்த்து, ஏப்ரல் 6-ஆம் தேதி அவரைப் போக அனுமதித்தார்கள். நாட்டில் அத்தனை கஷ்டம் இருக்கும்போது பூனைக்கு ஒரு வழக்கா என்று பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வளர்க்கிற பிராணிக்குத் தீனி போடுவது தயவு கிடையாது, கடமை என்று அந்தத் தீர்ப்பிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். மீன் சமைக்காத வீட்டில் மேலே சொன்ன சாப்பாட்டுக் கணக்கில் மீன் வரி போய், தீவன வரி ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதைத் தெரிந்துகொண்டு இறங்கலாம்.

"எலி பிடிக்குமே, அந்த லாபத்தை எங்கே எழுதினாய்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதுவும் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பரவும் கேரளத்தில். சுண்டெலி பிடிக்கும், சந்தேகமில்லை. பெரிய எலி விஷயத்தில் பூனையின் பேர் கொஞ்சம் அதிகம்தான். நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு கழிவு மறுசுழற்சிக் கூடத்தில் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்து 2018-இல் ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே திரிந்த பூனைகள் அத்தனை நாளில் கொன்ற எலி இரண்டே இரண்டு. எலிகள் ஒளிந்துகொண்டன, குறையவில்லை. எலிக்காகத்தான் பூனை என்றால், நெல்லையும் தேங்காயையும் மூடி வைத்து, குப்பையைத் தினம் அகற்றுவது இன்னும் மலிவான வழி.

இதுவரை சொன்னது பணக் கணக்கு. என் பார்வையில் பெரிய செலவு பணம் இல்லை, ஆள்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது கடல் தாண்டி இருப்பார். நம் விசா இரண்டு மூன்று வருஷம். பூனையின் ஆயுள் 15 வருஷம். முதலில் கணவன் போவான். பிறகு குடும்ப விசா கிடைத்ததும் மனைவியும் பிள்ளைகளும் போவார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்போம். பூனையை? அது பூட்டின வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். ஊர் போகும்போதெல்லாம் அப்படி ஒரு திண்ணையாவது கண்ணில் படுகிறது.

நான் இருக்கும் தோஹாவிலும் இதே கதைதான். தெருவெல்லாம் பூனை. கோடையில் ஒப்பந்தம் முடிந்து குடும்பங்கள் ஊர் திரும்பும்போது, கழுத்தில் பட்டையோடு வீட்டுப் பூனைகள் குப்பைத் தொட்டி ஓரம் நிற்கும். கூட்டிக்கொண்டு போக வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. முன்பெல்லாம் வெளிநாட்டிலிருந்து பிராணி கொண்டுவருகிற மலையாளிகள் சென்னை, பெங்களூர் போன்ற விமான நிலையங்களில் இறங்கி ஊர் போக வேண்டும். 2024-இல் கொச்சி விமான நிலையத்துக்கு அனுமதி கிடைத்தது. அந்த நவம்பரில் அங்கே முதலில் வந்து இறங்கிய வளர்ப்புப் பிராணி, இதே தோஹாவிலிருந்து போன ஒரு பூனை! படித்தபோது சந்தோஷமாக இருந்தது. ஆனால் சான்றிதழ், தடையில்லாக் கடிதம், பயணக்கூலி என்று அது எல்லாராலும் முடிகிற காரியம் இல்லை. முடியாதவர்கள் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

ஆக, தங்கச்சிக்கு நான் எழுதி அனுப்பியது இதுதான்.

ஒன்று. பாரசீகம் வேண்டாம். பக்கத்தில் யார் வீட்டிலாவது குட்டி போட்டிருந்தால் அதில் ஒன்றை எடு. சாக்கில் போகவேண்டிய ஒன்று உன் வீட்டுக்கு வரட்டும்.

இரண்டு. முதல் வருஷத்து 17,000 கையில் சேர்ந்த பிறகு எடு. கருத்தடைக்கும் ஊசிக்கும் பணம் இல்லையென்றால் அடுத்த ஓணம் வரை பொறு. பிள்ளைகள் அழுதால் அழட்டும்.

மூன்று. நீயும் பிள்ளைகளும் மச்சானிடம் போகிற நாள் வந்தால் பூனை யாரிடம் இருக்கும்? இதற்கு ஒரு பெயர் சொல். 'பார்த்துக்கலாம்' என்பது பதில் இல்லை. அம்மாவைச் சொல்வதானால் முதலில் அம்மாவிடம் கேள். எழுபது வயதில் தினமும் மரத்தூள் அள்ளப் போவது அவர்கள்தான்.

நான்கு. கடித்தாலோ பிறாண்டினாலோ அடி விழாது, உடனே சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடு. 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. நம் பூனைக்குத்தான் ஊசி போட்டாச்சே என்று இருந்துவிடாதே.

இதெல்லாம் பணக்காரன் மட்டும் பூனை வளர்க்கட்டும் என்று சொல்வதற்கில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் எங்கள் ஊரில் பல குடும்பங்களுக்குச் சின்னத் தொகை அல்ல, எனக்குத் தெரியும். அதே சமயம், பல வீடுகளில் இரண்டு செல்போனுக்கும் கேபிளுக்கும் சேர்த்து ஆகிற செலவு ஏறக்குறைய அதுதான். பிள்ளைகள் இன்னொரு உயிரின் பசியைத் தினமும் நினைத்துப் பார்ப்பதற்கு ஆயிரம் ரூபாய் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். முடியாத வீடு முடியாது என்று சொல்லிவிடுவதும் கௌரவமான பதில்தான். வாசலுக்கு வரும் பூனைக்கு ஒரு வேளை மீன் வைத்து, நாலு வீடு சேர்ந்து அதற்குக் கருத்தடையும் ஊசியும் போட்டாலும் போதும். வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் பிரித்தால் கருத்தடைக் காசு வந்துவிடும்.

டிஸ்கி: தங்கச்சி இன்னும் மூன்றாவது கேள்விக்குப் பதில் அனுப்பவில்லை. பிள்ளைகள் பெயர் மட்டும் வைத்துவிட்டார்களாம்.